கம்பெனி போனதால் மலை கெட்டதா?

ஏற்காடு ஒண்டிக்கடையில் விடிகாலைப் பனி விலகுவதற்கு முன்பே டீக்கடை பெஞ்சு நிறைந்துவிடும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த முதல் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். எஸ்டேட்டுக்குப் போகிற பெண்கள் தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். அப்படி ஒரு காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், ரவுண்டானாவைக் காட்டிச் சொன்னார்.

"மால்கோ ஓடுனப்ப இந்த ரோட்டுல லாரி நிக்காதுங்க தம்பி. எத்தன குடும்பம் சோறு தின்னுச்சு தெரியுங்களா? அனுமதி, சுற்றுச்சூழல்னு சட்டம் பேசிப் பேசியே கம்பெனியத் தொரத்திட்டாங்க. இப்பப் பாருங்க, சனி ஞாயிறு வர்ற கார நம்பித்தான் பொழப்பு."

நான் அங்கே வாதாடவில்லை. உழைத்துக் களைத்த மனிதர் அவர். அவர் சொன்னதில் பாதி அவருடைய வாழ்க்கை. அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. மீதிப் பாதி, வேறு யாரோ சொல்லிச் சொல்லி அவர் வாயில் ஏறிவிட்ட வார்த்தை. இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதிக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில்.

அந்த வார்த்தை ஏற்காட்டில் மட்டும் கேட்பதில்லை. முதலீட்டாளர் மாநாட்டு மேடைகளிலும், தொலைக்காட்சி விவாதங்களிலும், கல்லூரி வகுப்பறைகளிலும் கேட்கிறது. சட்டம் தளர்ந்தால் தொழில் வரும், தொழில் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் ஊர் பிழைக்கும் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நடந்ததை வைத்துப் பார்த்தால் இது ஒவ்வொரு படியிலும் பொய்.

முதலில் மால்கோ கதையையே எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியின் மேட்டூர் ஆலை 1965-ல் ஓடத் தொடங்கியது. அதற்கு வேண்டிய பாக்சைட் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் லாரியில் இறங்கியது. 1995-ல் ஸ்டெர்லைட் குழுமம், அதாவது இன்றைய வேதாந்தா, ஆலையை வாங்கியது. 2003 டிசம்பரில் தாய் நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸ் லண்டன் பங்குச் சந்தையில் ஏறியது. 2008 கடைசியில் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நின்றது.

ஏன் நின்றது? 2008 ஜூலையில் லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் அலுமினியம் 3,000 டாலருக்கு மேல் விற்றது. அமெரிக்க வங்கிகள் சரிந்தன. டிசம்பருக்குள் விலை பாதியாகிவிட்டது. ஒரு டன் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். மேட்டூர் சின்ன ஆலை, பழைய ஆலை. அந்த விலைக்குக் கட்டுபடியாகவில்லை. ஆனால் அதே வளாகத்தில் இருந்த சுமார் 100 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கவில்லை. உலோகத்தை உருக்குவதைவிட மின்சாரத்தை விற்பது லாபம் என்று ஆனபோது கம்பெனி மின்சாரத்தை விற்றது.

சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதிச் சிக்கல் இருந்தது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் டன் 3,000 டாலருக்குப் போன மாதத்தில் அந்தச் சிக்கல் எதுவும் ஆலையை நிறுத்தவில்லையே. விலை விழுந்த பிறகுதானே நின்றது? பெரியவரின் லாரி வாடகையை நிறுத்தியது சேலம் கலெக்டர் அலுவலகத்துக் காகிதம் என்று நம்பவைத்திருக்கிறார்கள். அதை நிறுத்தியது லண்டனில் ஒரு பலகையில் ஓடிய எண். சட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம், அதிகாரியைத் திட்டலாம். சந்தை விலையைத் திட்ட ஒண்டிக்கடையில் ஒரு முகம்கூட இல்லை. அதனால் பழி சட்டத்தின்மேல் விழுந்தது.

இன்னொன்றையும் பெரியவரிடம் கேட்டிருக்க வேண்டும். அந்த நாற்பது சொச்சம் வருஷத்தில் மலையில் தங்கியது என்ன? வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் லாரி வாடகையும். ஆலை மேட்டூரில். பிற்காலத்தில் பங்கு லண்டனில். கல்லை வெட்டியது மலை, கல் உலோகமானதில் வந்த மதிப்பு ஒன்றும் கொண்டை ஊசி வளைவு ஏறித் திரும்பி வரவில்லை. நாற்பது வருஷம் சுரங்கம் ஓடிய ஒரு மலையில், கம்பெனி போன மறு மாதமே பிழைப்புக்கு வழியில்லாமல் போனது என்றால், கம்பெனி இருந்தபோது அங்கே என்ன வளர்ந்தது?

அரசுக்கு வந்த பங்கைப் பார்ப்போம். பாக்சைட்டுக்கான உரிமத்தொகையை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2014-ல் உயர்த்திய பிறகும் அது, கல்லுக்குள் இருக்கும் அலுமினியத்தின் லண்டன் விலையில் 0.60 சதவீதம். டன் அலுமினியம் 2,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு டன்னைத் தந்த மண்ணுக்காக அரசுக்குச் சேர்வது 12 டாலர். கல்லை உலோகமாக்கும் செலவு தனி, மின்சாரம் தனி என்பார்கள். சரி, கழித்துக்கொள்ளட்டும். ஆனால் திரும்ப முளைக்காத ஒரு பொருளுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட விலை வைக்காத ஏற்பாட்டை யார் வகுத்திருப்பார்கள்? சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊருக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி வந்ததே 2015-ல்தான். சேர்வராயன் மலைக் கல் மேட்டூர் போய்ச் சேர்ந்து, உலோகமாகி, விற்று முடிந்தபின்.

இங்கே அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கையில் எடுத்துப் பார்க்காமலேயே நாம் அதைப் பற்றிப் பேசுகிறோம். சேர்வராயன் மலையின் அடிக்கல் சார்னோகைட், கருத்த, இறுகிய பாறை. அதன் தலையில், தட்டையான உச்சிகளில், குல்லாய் போட்டதுபோல் சிவந்த பாக்சைட் படிந்திருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் அந்தப் பரந்த மொட்டைச் சமவெளியில் நின்றவர்களுக்கு நான் சொல்லும் நிறம் தெரியும். ஒரு துண்டை எடுத்தால் பார்த்த அளவுக்குக் கனம் இருக்காது. உள்ளே பட்டாணி பட்டாணியாக உருண்டைகள், நடுநடுவே துளைகள். பழைய பனைவெல்லக் கட்டி மாதிரி. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஓடாது. கல் அப்படியே குடித்துவிடும். இன்னொரு சொட்டு விட்டால் அதையும் குடிக்கும்.

மழையைக் குடித்துவைத்துக்கொள்ளும் அந்தக் குல்லாய்தான் மலையின் தண்ணீர்த் தொட்டி. மழை நின்று மாதங்கள் ஆன பிறகும் சரிவுகளில் ஊற்று கசிவதற்கு, அடியில் இறுகிய பாறையும் தலையில் உறிஞ்சும் கல்லும் இருக்கும் இந்த அமைப்பு ஒரு காரணம். குல்லாயைக் கழற்றினால் மழை அடிப்பாறையில் விழுந்து வழுக்கி ஓடும். கம்பெனியின் கணக்கில் அந்தக் கல் 'கனிம இருப்பு'. மலையாளிப் பழங்குடி வீட்டில் குடத்தோடு ஊற்றுக்கு நடக்கிற பெண்ணின் கணக்கில் அது தை, மாசித் தண்ணீர். இரண்டாவது கணக்கு எந்த விண்ணப்பப் படிவத்திலும் ஏறாது.

அதை ஏற்றத்தானே சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. மேட்டூர் ஆலைக்காக மலையைத் தோண்டத் தொடங்கிய 1960-களில் அப்படி ஒன்று சட்டத்திலேயே கிடையாது. மத்திய அரசின் முதல் அறிவிக்கை 1994-ல் வந்தது. மக்களிடம் கருத்துக் கேட்பது கட்டாயம் என்று ஆனது 1997-ல். முப்பது வருஷம் தோண்டிய பிறகு. இன்று நடப்பில் இருக்கும் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி அந்த அறிக்கையை எழுதும் ஆலோசகரை அமர்த்துவது யார்? திட்டம் கொண்டுவரும் கம்பெனி. அவருக்குக் கூலி கொடுப்பது யார்? அதே கம்பெனி. பரீட்சை எழுதுகிறவனே விடைத்தாள் திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் நாம் பிள்ளையைச் சேர்ப்போமா? ஆலோசகர்கள் எல்லாரும் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அரிச்சந்திரனாகவே இருந்தாலும், பாதகமாக எழுதியவருக்கு அடுத்த வேலை கிடைக்காது. அந்த ஒரு காரணம் போதும், அறிக்கைகள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல.

இந்த இடத்தில், சட்டம் கூடிப்போய்விட்டது என்று புலம்புகிறவர்களை ஒண்டிக்கடைக்கு அழைத்துவர ஆசைப்படுகிறேன். மலையில் சட்டம் கூடுதலாகத்தான் இருக்கிறது. யார்மேல் என்று பாருங்கள். 1882-ஆம் ஆண்டு வனச்சட்டத்தின்படி காப்புக்காட்டில் விறகு பொறுக்குவது குற்றமாகலாம். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொந்தப் பட்டா நிலத்தில் தான் நட்ட சில்வர் ஓக்கை வெட்டவும் ஒருவன் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். வீடு கட்டப் போனால் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள். இவை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மரமும் சரிவும் காக்கப்பட வேண்டும். ஆனால் ஒரு மரத்துக்கு இத்தனை கையெழுத்து கேட்கும் அதே அரசு, மரம் நின்ற மலைத் தலையையே லாரியில் ஏற்ற இத்தனை வருஷம் வழிவிட்டது.

சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்பதிலும் அதே பேதம். அனுமதி இல்லாமல் கட்டிய ஏழையின் சுவருக்கு நோட்டீஸ் வரும், பிறகு இயந்திரம் வரும். முன் அனுமதி இல்லாமலே சுரங்கமும் ஆலையும் நடத்தியவர்களுக்கு 2017 மார்ச் 14-ல் ஒரு அறிவிக்கை வந்தது: விண்ணப்பித்து, அபராதம் கட்டி, பின்தேதியில் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லித் திறந்த கதவு அது. 2021-ல் அதை நிரந்தர நடைமுறையாக்கும் சுற்றறிக்கை வந்தது. 2025 மே 16-ல் உச்ச நீதிமன்றம் வனசக்தி வழக்கில் இரண்டையும் செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 18-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. கட்டி முடித்ததை இடித்தால் சுமார் 20,000 கோடி ரூபாய் பொதுத் திட்டங்கள் வீணாகும் என்பது பெரும்பான்மை சொன்ன காரணங்களில் ஒன்று. மே மாதத் தீர்ப்பில் இருந்த நீதிபதி உஜ்ஜல் புயான் உடன்படவில்லை.

அந்தக் காரணத்தை நன்றாக யோசித்துப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக மீறுகிறாயோ அவ்வளவுக்கு உன்னை இடிக்க முடியாது என்றுதான் அது சொல்கிறது. 2013-ல் தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கிலும் இதைப் பார்த்தோம். உரிய இசைவு புதுப்பிக்கப்படாமல் ஆலை ஓடியது, சுற்றுப்புறம் மாசுபட்டது என்று உச்ச நீதிமன்றமே கண்டது; 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது; ஆனால் நாட்டின் தாமிரத் தேவையையும் வேலைவாய்ப்பையும் வருவாயையும் எண்ணி ஆலையைத் திறந்திருக்க விட்டது. ஐந்து வருஷம் கழித்து, 2018 மே 22 அன்று, அந்த ஆலையை மூடச் சொல்லி ஊர்வலம் போன மக்கள்மேல் போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். 2024 பிப்ரவரி 29-ல் கம்பெனியின் மேல்முறையீட்டை அதே உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இடைப்பட்ட வருஷங்களின் காற்றை யார் சுவாசித்தார்கள்?

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நார்வே அரசின் ஓய்வூதிய நிதிக்கு ஓர் அறநெறிக் குழு உண்டு. 2007 மே மாதம் அது வேதாந்தாவின் நான்கு இந்தியத் துணை நிறுவனங்களை ஆராய்ந்து, இந்தப் பங்குகளை வைத்திருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நான்கில் ஒன்று தூத்துக்குடி ஸ்டெர்லைட். இன்னொன்று நம் மால்கோ: கொல்லிமலையில் சுற்றுச்சூழல் அனுமதியின்றிச் சுரங்கம், மேட்டூர் அணைப் பக்கம் ஆலைக் கழிவான செஞ்சேற்றுக் குவியல். அந்த நவம்பரில் நார்வே பங்குகளை விற்று வெளியேறியதாக அறிவித்தது. ஓஸ்லோவில் உட்கார்ந்து படித்தவர்களுக்குத் தெரிந்தது சேலத்தில் தெரியாமலா இருந்தது? தெரிந்திருக்கும். ஆனால் நார்வேக்கு விற்றுவிட்டுப் போக ஒரு பங்கு இருந்தது. மலையில் இருப்பவன் எதை விற்றுவிட்டு எங்கே போவான்?

நம் மொழியில் 'கம்பெனி' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் வாயில் கம்பெனி என்றால் ஆட்சி. 1792-ல் திப்புவிடமிருந்து சேலம் சீமையைப் பிடுங்கியது ஓர் அரசன் அல்ல, லாபப் பங்கு பிரிக்கும் ஒரு வியாபார நிறுவனம். கலெக்டர் என்பவர் அந்த நிறுவனத்தின் ஊழியர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காட்டில் முதன்முதலில் காப்பியை நட்டார்; அவருடைய கிரேஞ்ச் மாளிகை இன்றும் நிற்கிறது. வரி போடும் கை, நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் கை, காப்பி நடும் கை எல்லாம் ஒரே கை. ஏற்காட்டின் தந்தை என்று அவரைக் கொண்டாடுகிறோம். கொண்டாடட்டும். ஆனால் இந்த மலையில் விதியை எழுதுகிறவரும் லாபம் பார்க்கிறவரும் தனித்தனி ஆட்களாக இருந்த காலம் எவ்வளவு சொற்பம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சொற்பமான அந்தக் காலத்தில் நடந்த ஒரு நல்ல காரியம் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். எஸ்டேட் தொழிலாளிக்கு வீடு, குடிதண்ணீர், கக்கூஸ், மருத்துவம், குழந்தைக் காப்பகம், பிள்ளைகளுக்குப் படிப்பு ஆகியவை முதலாளியின் கடமை என்று அது சொன்னது. பிச்சையாக வந்ததைக் கடமையாக்கியது. அது எல்லா எஸ்டேட்டிலும் நடந்ததா என்றால் இல்லை. ஒழுகும் லைன் வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். எஸ்டேட்டைத் துண்டு போட்டால் சட்டம் சொல்லும் ஐந்து ஹெக்டேர் அளவுக்குக் கீழே போய்விடும். ஆளை அன்றாடக் கூலியாக ஜீப்பில் ஏற்றி வந்தால் வீடு கொடுக்க வேண்டாம். ஆனாலும் சட்டம் இருந்தது, அதைக் காட்டிக் கேட்க ஒரு தொழிலாளிக்கு முடிந்தது.

2020-ல் அந்தச் சட்டம் உட்பட பதின்மூன்று சட்டங்களை ஒரே தொகுப்பில் கரைத்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. புதிய தொகுப்பில், தோட்ட முதலாளி இந்த வசதிகளைத் தன் பணத்தில் செய்யலாம், அல்லது மத்திய, மாநில, ஊராட்சித் திட்டங்கள் வழியாகவும் செய்யலாம் என்று இருக்கிறது. 'அல்லது' என்ற அந்த ஒரு சொல்லை லேசாகக் கடந்துவிடாதீர்கள். எழுபது வருஷம் லாபத்திலிருந்து போக வேண்டியிருந்த செலவு, அந்த ஒரு சொல்லால் பொதுப்பணத்துக்கு நகர்கிறது. அதே தொகுப்புகளில் அரசிடம் கேட்காமல் ஆளைக் குறைக்கவும் ஆலையை மூடவும் இருந்த வரம்பு 100 தொழிலாளியிலிருந்து 300 ஆகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் வரம்பு 20-லிருந்து 50. இந்த எண்களை உயர்த்தச் சொல்லி எந்தத் தொழிலாளி மனுக் கொடுத்தான்? காப்பிப் பழம் பறிக்கும் எந்தப் பெண், என்னை எளிதாக வேலையைவிட்டு நிறுத்த வழி செய்யுங்கள் என்று கேட்டாள்?

மலையிலிருந்து இறங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகளை அந்த எண்கள் நேராகவே தொடும். ஏற்காட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஓசூருக்கும் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள். 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றியது. ஆலைகளில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம்வரை நீட்ட வழிசெய்யும் திருத்தம். வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, நாலு நாள் வேலை, மூணு நாள் ஓய்வு என்று விளக்கினார்கள். முதலீடு செய்ய வருகிற நிறுவனங்கள் இப்படி நெகிழ்வு கேட்கின்றன என்பதும் சொல்லப்பட்ட விளக்கத்தில் இருந்தது. அதை நான் நன்றியோடு குறித்துக்கொள்கிறேன். விதி யாருக்காக எழுதப்படுகிறது என்று இவ்வளவு வெளிப்படையாக எப்போதும் சொல்வதில்லை. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எதிர்த்தன. மூன்று நாளில் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினக் கொடியை ஏற்றி அன்றோடு சரியாக நூறு வருஷம். சட்டம் தளரவில்லை. ஓசூர் ஆலை எதுவும் அதற்காகக் கதவை இழுத்து மூடவும் இல்லை.

அப்படியானால் தொழிலே வேண்டாமா, உங்கள் வீட்டு ஜன்னலில் அலுமினியம் இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். என் வீட்டில் அலுமினியம் இருக்கிறது. பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி வார்க்க, கல்லிலிருந்து எடுக்க ஆகும் மின்சக்தியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு போதும். முதலில் அதைச் செய்யலாம். அதற்குமேலும் கல் வேண்டும் என்றால் எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, ஊருக்கு என்ன கொடுப்பது, வெட்டியபின் என்ன செய்வது என்பதை அந்த மலையில் இருப்பவனைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவனுக்குப் புரியாது என்று சொல்கிறவர்கள் ஒடிசாவின் நியம்கிரியைப் பார்க்க வேண்டும். அதே வேதாந்தாவுக்கு அதே பாக்சைட். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. டோங்ரியா கோண்டுகளுக்குப் புரிந்தது சேர்வராயன் மலை மலையாளிகளுக்குப் புரியாமல் போகுமா? இவர்களிடம் அந்தக் கேள்வியைத்தான் கேட்கவே இல்லை.

ரசாயன ஆலை, சுரங்கம் எல்லாம் வேறு; சின்னதாக, சுத்தமாக ஏதாவது வரலாமே என்று சொல்பவர்களும் உண்டு. கொடைக்கானலுக்கு அப்படித்தான் ஒரு தெர்மாமீட்டர் ஆலை வந்தது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து கழற்றி 1983-ல் கொண்டுவந்து நட்டார்கள்; பிறகு யூனிலீவர் கைக்குப் போனது. 2001-ல் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்தபின் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு இழப்பீட்டு உடன்பாடு வந்தது 2016-ல். பதினைந்து வருஷம். மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்பதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒத்துக்கொண்ட அளவு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம். இது போதாது என்று ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக வாதாடினார்கள். சுத்தம் செய்யும் செலவைக் கட்டுகிறவர் ஒருவர் இருக்கும்போது, எது சுத்தம் என்பதைக் கூடத் தராசில் வைத்துப் பேரம் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது திரும்பவும் காற்று சட்டத்தைத் தளர்த்தும் பக்கம் அடிக்கிறது. 2020-ல் வந்த வரைவு அறிவிக்கை, மக்கள் கருத்துச் சொல்ல இருந்த 30 நாளை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. அந்த வரைவே இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வந்தது. 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் அணு, முக்கிய, உத்திசார் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று அமைச்சகம் விலக்கு அளித்தது. இன்றைக்கு அந்தப் பட்டியலில் பாக்சைட் இல்லை. பட்டியலை நீட்டுவது ஒரு காகித வேலை.

அந்தப் பெரியவர் மறுபடி ஒண்டிக்கடையில் கிடைத்தால் சொல்ல வேண்டியது இது. ஐயா, உங்கள் வாடகையை நிறுத்தியது சட்டம் இல்லை. சட்டம் சரியாக இருந்திருந்தால், நீங்கள் லாரி ஓட்டிய காலத்திலேயே உரிமத்தொகையில் ஒரு பங்கு உங்கள் ஊராட்சிக்கு வந்திருக்கும். ஆலை நிற்கும்போது உங்களுக்கும் ஒரு தொகை எழுதப்பட்டிருக்கும். வெட்டிய இடத்தை மூடி மரம் நடும் வேலையே இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். உங்களுக்கு வேண்டியது இன்னும் பலமான சட்டம். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்குத்தான் முதலில் உண்டு.

மலையில் இருக்கும் மற்ற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். இன்றைய சட்டப்படி, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பாக அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுருக்க அறிக்கை தமிழில் இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் யார் கேட்டாலும் பார்க்கக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை அப்படி ஓர் அறிவிப்பு வரும்போது அந்த அறிக்கையை வாங்கி, உங்கள் ஊற்றின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று அதைச் சொல்லுங்கள். சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறும்வரை உட்காராதீர்கள்.